கஞ்சி வாளியில் ஒரு கடல்

அன்புள்ள கொழுந்தனார், ஆபீசர் தம்பி அவர்களுக்கு, சலவைக் கடையிலிருந்து உன் அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணன், மூன்று மெஷின், இரண்டு இஸ்திரிப் பெட்டி எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நான் விசாரிக்கப் போவதில்லை. பத்து நாளாக என் போனை எடுக்காமல் இருக்க முடிகிறதென்றால் நீ நன்றாகத்தான் இருக்கிறாய். போன் என்றால் ‘மீட்டிங்’ என்று தப்பிக்கலாம், கடிதத்திடம் அந்த ஜம்பம் பலிக்காது என்றுதான் பேனாவை எடுத்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, கோணலாகத்தான் இருக்கும். கோபம் மட்டும் நேராக இருக்கும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. நீ கடல் மீன் வளர்க்கவென்று நம் கடையில் வைத்துவிட்டுப் போன கண்ணாடித் தொட்டித் தண்ணீரை நான் தினமும் காலையில் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு பார்க்க நீ ஒரு குழல் கொடுத்தாய் அல்லவா, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்துக்கு நேரே பிடிக்க வேண்டும் என்று. வாசலில் நின்று அதைப் பிடித்தால் எதிர் மாடிக்காரி தன்னைத்தான் பார்க்கிறேன் என்று ஜன்னலைப் படாரென்று சாத்துகிறாள். போகட்டும், இருபத்தாறு வருஷம் சமையலுக்கு உப்பு பார்த்த நாக்கு இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். ஆறாம் நாள் ருசி மாறியது. ஏழாம் நாள் வாடை வந்தது. எட்டாம் நாள் பாறைக் கல்லை நகர்த்திப் பார்த்தால், பின்னால் உன் பழைய காலுறைக்குள் முடிந்து வைத்த இறால், அழுகி நூலாகிக் கிடக்கிறது. எட்டு நாள் அதன் சாற்றைத்தான் நான் நக்கியிருக்கிறேன். டாக்டரிடம் போய் இதை என்னவென்று சொல்வது?

நீ வேண்டுமென்றேதான் வைத்தாயாம். இறால் அழுகினால்தான் தண்ணீரில் நல்ல கிருமி பிறக்குமாம், அது மீன் கழிக்கிற விஷத்தைத் தின்னுமாம், அது பெருகுகிறவரை நாலு வாரம் மீனே இல்லாமல் தொட்டியை ஓடவிட வேண்டுமாம். இதையெல்லாம் ஒரு காகிதத்தில் அழகாக எழுதி, பறக்காமலிருக்கத் தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நூற்றைம்பது லிட்டர் தண்ணீரைத் தூக்கி அடியில் யாரடா பார்ப்பது? அதன் முனை என் கண்ணில் பட்டதே எல்லாம் முடிந்த பிறகுதான். எனக்குத் தெரிந்த வழியில் நான் செய்தேன். தண்ணீரை இறைத்தேன். கல்லையெல்லாம் எடுத்து, சட்டைக் காலர் தேய்க்கிற பிரஷால் வெந்நீரில் தேய்த்தேன். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் பிழிந்தேன். புதுத் தண்ணீரில் நீ விட்டுப்போன உப்பைக் கலந்து ஊற்றிவிட்டு நிமிர்ந்தால், தொட்டி மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. கடைக்கு வந்தவர்களெல்லாம் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்தார்கள். அத்தனை பெருமையாக இருந்தது எனக்கு.

அந்தப் பெருமையில் மூன்று வாரம் போவதற்குள் மீன்கடைக்காரர் வந்து நின்றார், கையில் பையும், பைக்குள் ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீனும். இந்தத் தேதிக்கு நீதான் சொல்லி வைத்தாயாம். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? அவர் ஒரு சின்னக் குழாயில் நம் தண்ணீரைப் பிடித்து, ஏதோ சொட்டு மருந்தை விட்டுக் குலுக்கினார். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சை ஆனது. எந்தக் கறை எதில் போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், அந்தப் பச்சைக்கு மட்டும் எனக்கு வைத்தியம் தெரியவில்லை.

“பாக்கறதுக்குப் பளபளன்னுதான் இருக்கும்மா, ஆனா இது விஷம். கல்லுல இருந்த உயிரையெல்லாம் தேய்ச்சுக் கொன்னுட்டீங்க” என்றார்.

இந்தக் கடை திறந்த நாள் முதல் என் வெளுப்பில் குறை சொன்ன ஆள் கிடையாது. அன்றைக்கு, இவ்வளவு சுத்தம் ஆகாது என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதோடு போயிற்றா? மீனைத் திருப்பி எடுத்துப் போங்கள் என்றால், விற்ற மீன் விற்றதுதான் என்கிறார். கடைசியில் அவரே மனமிரங்கித் தன் வண்டியிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து பாதியை மாற்றி ஊற்றினார். அவர் கடைத் தொட்டியில் மாதக்கணக்காக ஊறின பஞ்சு ஒன்றைப் போட்டால் கிருமி பிடித்துக்கொள்ளும் என்றார். ஊர் அழுக்கையெல்லாம் வெளுத்த இந்தக் கை, மீன்கடை அழுக்குப் பஞ்சு ஒன்றுக்காக நீண்டது தம்பி. அதைப் பிழிந்துவிடாதீர்கள் என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனார். மூன்று தரமும் என் கை துடித்தது.

அன்றிலிருந்து பத்து நாளாக நான் சலவைக்காரி இல்லை, கடல் காய்ச்சுகிறவள். தினமும் கஞ்சி வாளியில் உப்புத் தண்ணீர் கலக்கி ஒரு நாள் ஊறவைத்து, மறுநாள் கால் தொட்டி இறைத்து மாற்றுகிறேன். சின்ன மீன் மூன்றாம் நாளே ஒருக்களித்துப் படுத்துவிட்டது. நான் காய்ச்சலில் கிடந்தபோது ‘சாதம் ஆச்சா’ என்று கேட்ட மனுஷன் உன் அண்ணன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு, ஸ்டூலைத் தொட்டி முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். “மூச்சு விடுதா பாருடி” என்று அரைமணிக்கு ஒரு தரம் என்னைக் கூப்பிடுகிறார். இந்த உயிர் போனால் அவர் என்னோடு பேசமாட்டார், நான் உன்னோடு பேசமாட்டேன், அதையும் இப்போதே எழுதிக்கொள்.

ஆகவே இறுதியாகச் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து தொட்டி, கல், குழல், காலுறை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடு. வராவிட்டால் திங்கட்கிழமை உன் கடல் சாக்கடையில் கலக்கும். வரும்போது, திங்கட்கிழமை பெரிய பதவி இன்டர்வியூவுக்கென்று நீ கொடுத்துவிட்டுப் போன ஆறு வெள்ளைச் சட்டையையும் வாங்கிக்கொள். எங்கள் வேலை எப்படி இருக்கும் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள். நீ நூறு வயது வாழ்ந்து பெரிய பதவிகளெல்லாம் அடைய வேண்டும், எந்த ஊரில் இருந்தாலும் தொட்டி மட்டும் வாங்காமல் இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அண்ணி.

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் இன்று காலை, மீன்கடைக்காரர் கொடுத்துவிட்டுப் போன சொட்டு மருந்தை விட்டுப் பார்த்தேன். மஞ்சளாகவே நின்றது. சின்னது எழுந்து வந்து உன் அண்ணன் விரலைக் கொத்தியது, அவர் அந்த விரலை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார். அதனால் ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவராதே, சத்தத்துக்கு அவை பயப்படும். இரண்டு பை உப்பு மட்டும் வாங்கி வா. இன்னொன்று. மீன் எழுந்த சந்தோஷத்தில் உன் அண்ணன், நான் கலக்கி வைத்திருந்த கடல் தண்ணீரைக் கஞ்சி என்று நினைத்து உன் ஆறு சட்டையையும் அதில் முக்கிக் காயவைத்துத் தேய்த்துவிட்டார். மடிக்க வரவில்லை. கதவோரமாக நிறுத்தி வைத்திருக்கிறேன்.