ஃப்ரீ கியரில் ஒரு மைவி

கமலநாதனின் பழைய சாகா காரை மறித்துக்கொண்டு ஒரு வெள்ளை மைவி கார் நின்றது. அவருக்கு ஒரு கையில் மல்லிகைப் பை, மறு கையில் லட்டுப் பெட்டி, காதுக்கும் தோளுக்கும் நடுவில் கைப்பேசி. அதில் மனைவி சிவமலர்.

"எங்க இருக்கீங்க?"

"பிரிக்பீல்ட்ஸ்லதான். கிளம்பிட்டேன்."

"கார்ல ஏறிட்டீங்களா?"

"கார் பக்கத்துல நிக்கிறேன்."

"பத்து மணிக்கு அவங்க கிள்ளான்ல நம்ம வாசல்ல நிப்பாங்க. மாப்பிள்ளையோட அப்பா ஸ்கூல்ல டிசிப்ளின் வாத்தியாரா இருந்தவரு. போன தடவ வேற வீட்டுக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப, பொண்ணோட அப்பா லேட்டுன்னு காப்பிகூடக் குடிக்காம எழுந்துட்டாராம். வாங்க லா சீக்கிரம்!"

கமலநாதன் மைவியைச் சுற்றி வந்தார். முப்பது வயதில் முதன்முறையாக ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று வாயைத் திறந்திருக்கிறாள் மகள் சுரேகா. அது தன்னால் கெட்டுப்போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

மைவியின் முன்கண்ணாடியில் கைப்பேசி எண் எழுதிய அட்டை இருந்தது. லட்டுப் பெட்டியைச் சாகாவின் மேல் வைத்துவிட்டு அழைத்தார். மைவிக்குள்ளேயே மணி அடித்தது.

"அறிவுகெட்டவன்! நம்பர வச்சவன் போனையும் உள்ளயே வச்சுட்டுப் போயிருக்கான்! இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது? கையில கிடைச்சான்னா தோல உரிச்சிடுவேன்!"

பூக்கடை புஷ்பவல்லி எட்டிப் பார்த்தார். வேகமாக வந்துகொண்டிருந்த, பூப்போட்ட பாத்திக் சட்டைக்காரர் ஒருவர் சட்டென்று நின்றார். கமலநாதன் வயதுதான் இருக்கும்.

"பாருங்கண்ணே, எவனோ ஒரு முட்டாள் நிறுத்தியிருக்கிற லட்சணத்த!"

"முட்டாள்தான், வேற என்ன சொல்றது," என்று கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு எடுத்தார் அவர். "வாங்க, தள்ளிடலாம். ஃப்ரீ கியர்லதான் இருக்கும்."

இப்படி மறித்து நிறுத்துகிறவர்கள் கியரும் ஹேண்ட்பிரேக்கும் போடாமல் போவது இந்த ஊர் மரியாதை. அவசரக்காரர்கள் தள்ளிக்கொள்ளலாம். ஸ்டியரிங் பூட்டியிருப்பதால் முன்னே அல்லது பின்னே, அவ்வளவுதான்.

இருவரும் முன்னே தள்ளினார்கள். மைவி சந்தின் வாயில் போய் நின்றது. அதே நேரத்தில் சந்துக்குள்ளிருந்து காய்கறி லோரி ஒன்று வெளியே வந்தது.

"அண்ணே, என் வழி போச்சு!" என்று இறங்கினார் ஓட்டுநர் தனேஷ். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தால், சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "தள்ளுங்க, பின்னால கொண்டு போவோம்."

மூன்று பேர் பலத்தில் மைவி பின்னால் ஓடி, சாகாவோடு சேர்த்து, காரை எடுக்க வந்த ஒரு சீன ஆன்டியின் வழியையும் அடைத்தது. "ஆயோ, அங்கிள்!" என்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆன்டியும் தள்ள வந்துவிட்டார். அவர் அவசரம் அவருக்கு, முன்பக்கமாகத் தள்ளினார். உணவு கொண்டுபோகும் மலாய்க்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடிவந்து மறுமுனையில் கை வைத்தார். முன்னால் இருந்தவர்கள் பின்னே தள்ள, பின்னால் இருந்தவர்கள் முன்னே தள்ள, மைவி அசையாமல் நின்றது. எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது.

"எல்லாம் அந்தச் சம்பந்தியால!" என்று மூச்சிரைத்தார் கமலநாதன். "சிடுமூஞ்சியாம் அண்ணே. கடிகாரத்தக் கட்டிக்கிட்டே பொறந்தவராம். என் மக வாழ்க்கை இப்ப அவரு வாட்ச்ல நிக்குது."

பாத்திக் சட்டைக்காரர் அவரையே ஒரு கணம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "எல்லாரும் கைய எடுங்க! டிரைவர் தம்பி, லோரிய முதல்ல வெளிய எடுங்க! மத்தவங்க என் பக்கம் வாங்க!" என்று அதட்டினார். அத்தனை பேரும் பள்ளிப் பிள்ளைகளாட்டம் வரிசையில் நின்றார்கள். லோரி போனது. ஒரே மூச்சில் மைவியும் சந்து வாய்க்குப் போனது. ஆன்டிக்கும் சாகாவுக்கும் வழி திறந்தது.

கமலநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. லட்டுப் பெட்டியைத் திறந்து ஆளுக்கொன்று நீட்டினார்.

"உங்கள மறக்கவே மாட்டேன் அண்ணே!"

"மறந்துடுங்க, அதான் நல்லது," என்றார் பாத்திக் சட்டைக்காரர், லட்டை விழுங்கியபடி. "பதறாம ஓட்டுங்க. அந்தச் சம்பந்தி இன்னிக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

நல்ல மனிதர், ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு கமலநாதன் காரைக் கிளப்பினார். தள்ளும்போது கடை மேசையில் வைத்துவிட்ட மல்லிகைப் பையைப் புஷ்பவல்லி ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

"அக்கா, அந்த முட்டாள் வந்தான்னா என் பேரச் சொல்லி நாலு வாங்கு வாங்குங்க!"

"இன்னும் எவ்வளவு வாங்குறது? கார் சாவியோட ஓடிவந்தவரு, நீங்க திட்டுனதக் கேட்டு அத அப்படியே பாக்கெட்ல போட்டுட்டு உங்ககூடவே தள்ளுனாரு. பாவம், மகனுக்குப் பொண்ணு பாக்க கிள்ளான் போகணும், ஒரு நிமிஷம்கூட லேட்டாகக்கூடாதுன்னு சொல்லித்தான் எங்கிட்ட பூ வாங்கினாரு அந்த பாத்திக் சட்டை!"