சபரிநாதன் வாய் மூடிய இருபத்தைந்து விநாடி

"யாரும் தொடல! அவனை யாரும் தொடவே இல்ல!"

சபரிநாதன் அலுமினிய பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தினார். பக்கத்திலிருந்த காபி கவிழ்ந்து முன்வரிசை அம்மாவின் கோட்டில் வழிந்தது. அவர் கவனிக்கவில்லை.

மைதானத்தில் நடந்தது இதுதான். நம் பள்ளிப் பையன் பந்தை அணைத்துக்கொண்டு ஓடினான். ஈரத்தில் கால் வழுக்கி முழங்கால் தரையைத் தொட்டது. எழுந்து மறுபடி ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டிக் குதித்தான். டச்டவுன், ஆறு புள்ளி என்று எல்லோரும் எழுந்தபோது, நடுவர் முழங்கால் பட்ட இடத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

"எதிராளி தொட்டாத்தான் அவுட்! தானா விழுந்தா எழுந்து ஓடலாம்! ரூல் தெரியாம எதுக்கு விசில் ஊதற?"

"ஏனுங்க, உக்காருங்க. எல்லாரும் பாக்கறாங்க" என்று அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள் மனைவி தாமரைச்செல்வி.

"பாக்கட்டும். தப்புன்னா தப்புதான்."

சபரிநாதனுக்குத் தொழிலே அதுதான். மருந்து கம்பெனி ஒன்றில் குவாலிட்டி ஆடிட்டர். பாட்டிலில் லேபிள் ஒரு மில்லிமீட்டர் கோணியிருந்தால் மொத்த லைனையும் நிறுத்திவிடுவார். நான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி முன் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து அமெரிக்க ஃபுட்பால் கற்றவர். ஈரோட்டில் அவர் பார்த்த ஃபுட்பாலில் பந்து உருண்டையாக இருந்தது.

எல்லாம் மகன் முகிலனுக்காக. முகிலன் அணியின் கிக்கர். டச்டவுனுக்குப் பிறகு கூடுதல் ஒரு புள்ளிக்குக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பான். ஆட்டத்தைத் தொடங்கிவைக்க உதைப்பான். ஆனால் தூரத்திலிருந்து அதே கம்பங்களுக்கு நடுவே அடித்தால் மூன்று புள்ளி தரும் ஃபீல்ட் கோல் உதை இந்த சீசன் முழுக்க ஒன்றுகூட அவனுக்குக் கிடைக்கவில்லை. கோச்சுக்கு உதைப்பதில் நம்பிக்கை இல்லை. இது தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக் காலை ஆட்டம். முகிலனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. இன்றோடு அவன் ஃபுட்பால் முடிந்தது. இன்று அவன் கேட்டதெல்லாம் அப்படி ஒரே ஒரு உதை.

"சபரி, நீ சொல்றது டிவி ரூல்ப்பா" என்றார் பின்வரிசையிலிருந்து நண்பர் சேனாபதி. அவருடைய மகன் மூன்று வருடத்துக்கு முன் இதே அணியில் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். அந்த அனுபவத்தில் பேசுகிறவர். "பெரியவங்க ஆட்டத்துலதான் தொடணும். இங்க முழங்கால் பட்டா முடிஞ்சுது."

"யார் சொன்னா?"

"போன்ல பாரு."

சபரிநாதன் உட்கார்ந்து போனில் பார்த்தார். சேனாபதி சொன்னது சரி. முழங்கால் பட்டால் ஆள் அவுட், யார் தொட்டாலும் தொடாவிட்டாலும். முகம் சுண்டிப்போயிற்று. முன்வரிசை அம்மாவிடம் காபிக்காக மன்னிப்புக் கேட்டார். பிறகு அவர் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தார். விதிகளை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

இருபது நிமிடத்தில் நாற்பது பக்கம் படித்துவிட்டார். மேலே என்ன எழுதியிருந்தது என்று மட்டும் பார்க்கவில்லை. அது கல்லூரி ஆட்டத்தின் விதிப் புத்தகம்.

இரண்டாவது கால்பகுதியில் எதிரணி டச்டவுன் எடுத்தது. கூடுதல் ஒரு புள்ளிக்கு அவர்கள் உதைத்த பந்தை நம் பையன் ஒருவன் கையால் தட்டினான். இன்னொருவன் அதை அள்ளிக்கொண்டு மைதானத்தின் மறுகோடி வரை ஓடினான். நடுவர்கள் யாரும் அவனைக் கண்டுகொள்ளவில்லை. ஸ்கோர்போர்டு அசையவில்லை.

"ரெண்டு பாயிண்ட்!" சபரிநாதன் எழுந்தார். "நமக்கு ரெண்டு பாயிண்ட் வரணும்!"

"உக்காருங்க!"

"இந்தத் தடவை படிச்சுட்டுத்தான் சொல்றேன் தாமரை. இதோ இருக்கு."

போனை உயரத் தூக்கியபடி படியிறங்கி, கம்பி வேலி வரை போய், ஸ்கோர்போர்டு இயக்கும் அறையைப் பார்த்துக் கத்தினார். அறைக்குள் இருந்தவர் கதவைச் சாத்திக்கொண்டார். வேலிக்கு அந்தப்பக்கம் ஓடிவந்த நடுவர் ஒருவர் நின்று சொன்னார்.

"சார், நீங்க கையில வச்சிருக்கறது காலேஜ் ரூல். ஹைஸ்கூல்ல எதிரணி பந்தை எடுத்த அடுத்த நொடியே அந்த ப்ளே செத்துப்போச்சு. அந்தப் பையன் சும்மா எக்சர்சைஸ் பண்ணிட்டு வந்தான்."

ஸ்டாண்டு முழுக்கச் சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் தாமரைச்செல்வி. இன்னொருவன் மைதான ஓரத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்த முகிலன்.

இடைவேளை வந்தது.

"நான் போய் சாரி சொல்லிட்டு வந்துடறேன்" என்றார் சபரிநாதன்.

"யாருகிட்ட?"

"ரெஃபரிங்ககிட்ட. மனுஷன்னா தப்பை ஒத்துக்கணும்."

"ஒண்ணும் வேண்டாம். இங்கயே சித்த சும்மா இருங்க. அதுவே பெரிய சாரி."

அவர் கேட்கவில்லை. தப்பு கண்டுபிடித்தால் அறிக்கை எழுதி, உரியவரிடம் நேரில் கொடுத்து, கையெழுத்து வாங்கினால்தான் அவருக்கு விஷயம் முடியும். நடுவர்கள் ஐந்து பேரும் ஓய்வறைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். சபரிநாதன் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடி, குறுக்கே போய் நின்றார்.

"சார், ஒன் மினிட்..."

ஐந்து பேரும் பின்வாங்கினார்கள். ஒருவர் விசிலை வாயில் வைத்தார். அடுத்த கணம் பள்ளியின் விளையாட்டுத் துறைத் தலைவர், சிவப்புத் தொப்பி போட்ட ஆறடி உயர மனிதர், இடையில் வந்து நின்றார்.

"ஆட்ட நேரத்துல நடுவரை வழிமறிக்கறது தடை. தெரியுமா?"

"நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. இன்னொரு சத்தம் வந்தா வெளிய அனுப்பிடுவேன்."

இதையெல்லாம் கோச் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம் கழித்து முகிலன் வேலிப்பக்கம் வந்தான். தோள்பட்டைக் கவசத்தோடு பார்க்க அவன் அப்பாவைவிட இரண்டு மடங்கு இருந்தான். கண்கள் கலங்கியிருந்தன.

"அப்பா, ப்ளீஸ். இனிமே நீங்க ஒரு வார்த்தை கத்தினாலும் என்னை இன்னைக்கு கிக் பண்ண விடமாட்டேன்னு கோச் சொல்லிட்டார். ஒரு வார்த்தை. ஓகே?"

"நான் உனக்காகத்தான்டா..."

"ஐ நோ. அதான் கேக்கறேன். ப்ராமிஸ் பண்ணுங்க."

சபரிநாதன் பிரிட்ஜ்வாட்டர் கோவில் பெருமாள் மேல் சத்தியம் செய்தார்.

சத்தியம் வாய்க்குத்தான். கண்ணுக்கு இல்லை. இரண்டாம் பாதி தொடங்கியதும் போனில் சரியான புத்தகத்தை வாங்கினார். ஹைஸ்கூல் விதிப் புத்தகம், இந்த வருடப் பதிப்பு. மேலே எழுதியிருந்ததை மூன்று தடவை படித்துவிட்டு உள்ளே போனார்.

எதிரணி உதைத்த பந்து நம் பக்கத்து எல்லைக் கோட்டைத் தாண்டி வந்து விழுந்தது. நம் பையன் அதை எடுத்துக்கொண்டு நின்றான்.

"ஓடுறா! ஓடு! எதுக்கு மரமாட்டம் நிக்கற?" என்று கத்தினார் சேனாபதி.

பந்து எல்லைக் கோட்டைத் தாண்டினாலே அங்கே ஆட்டம் நின்றுவிடும், ஓட முடியாது என்று புத்தகத்தில் இருந்தது. சபரிநாதன் அந்த வரியை விரலால் தடவிக்கொண்டார். வாய் திறக்கவில்லை.

"பரவால்லயே, திருந்திட்டாரே" என்றாள் தாமரை.

மூன்றாம் கால்பகுதி முடியும்போது ஒரு விதியைப் படித்து நிமிர்ந்தார். திரும்பப் படித்தார். எதிரணி உதைத்த பந்தை, தலைக்கு மேல் கையசைத்து 'ஃபேர் கேட்ச்' கேட்டுப் பிடித்தால், பிடித்தவனை யாரும் மோதக்கூடாது. அவனும் ஓடக்கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு, விரும்பினால், அந்த அணி பிடித்த இடத்திலிருந்தே பந்தைத் தரையில் வைத்து ஃப்ரீ கிக் அடிக்கலாம். எதிரணி பத்து யார்டு தள்ளி நிற்க வேண்டும். யாரும் பாய்ந்து வந்து தடுக்க முடியாது. பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி.

இது யாருக்கும் தெரியாது என்று அவருக்குத் தோன்றியது. புத்தகத்தை மூடி வைத்தார்.

கடைசிக் கால்பகுதி. எதிரணி பதினாறு, நாம் பதினாலு. முகிலன் இரண்டு ஒற்றைப் புள்ளி உதைகளையும் சரியாகப் போட்டிருந்தான். ஃபீல்ட் கோல் வாய்ப்பு வரவே இல்லை. ஆட்டத்தை நிறுத்திவைக்க உதவும் டைம் அவுட் எல்லாம் தீர்ந்துவிட்டது. பத்து விநாடி மிச்சம்.

எதிரணி தன் எல்லைக்குப் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் பந்தை உதைத்துத் தள்ளினார்கள். அவசரத்தில் அடித்த உதை. பந்து கோணலாக எழும்பி, காற்றில் தடுமாறி, அவர்கள் எல்லைக் கோட்டிலிருந்து முப்பத்திரண்டாவது யார்டில் நம் பையனை நோக்கி இறங்கியது.

பையன் தலைக்கு மேல் கையசைத்தான். பிடித்தான்.

ஃபேர் கேட்ச்.

கடிகாரம் நான்கு விநாடியில் நின்றது. நடுவர் கையைத் தூக்கினார். அடுத்த ப்ளேயைத் தொடங்க இருபத்தைந்து விநாடி.

சபரிநாதன் கணக்குப் போட்டார். முப்பத்திரண்டு, கம்பம் எல்லைக் கோட்டுக்குப் பத்து யார்டு பின்னால், ஆக நாற்பத்திரண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் பூங்காவில் அவரே பந்து பொறுக்கிப் போட்டுக் கணக்கு எழுதியிருக்கிறார். நாற்பத்திரண்டு யார்டிலிருந்து, யாரும் தடுக்காமல், ஓடிவந்து அடித்தால் முகிலன் பத்துக்கு ஏழு போடுவான்.

இருபது.

அவர் எழுந்தார். தாமரை நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்க?"

வாயைத் திறந்தால் முகிலன் உதைக்க முடியாது. திறக்காவிட்டால் முகிலனை உதைக்கச் சொல்ல யாரும் இல்லை. அதுவும் இன்று காலையிலிருந்து இரண்டு முறை கத்தியிருக்கிறார், இரண்டும் தப்பு. மூன்றாவதை யார் நம்புவார்கள்? படியின் கீழே சிவப்புத் தொப்பிக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து.

அவர் கை தானாக மேலே எழும்பியது. அப்போது மைதான ஓரத்தில் கோச் திரும்பினார். கோச் பக்கத்தில் முகிலன். இரண்டு பேரும் ஸ்டாண்டில் தேடி, சபரிநாதனைக் கண்டுபிடித்து, கண்கொட்டாமல் பார்த்தார்கள்.

எச்சரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார். மஃப்ளரைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தார். கோச்சைப் பார்த்து நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார்.

கோச்சும் தலையை ஆட்டினார். திரும்பி, பந்தை எறியச் சொல்லி சைகை செய்தார்.

நான்கு விநாடியும் காற்றிலேயே தீர்ந்தது. எறிந்த பந்து மூன்று பேர் விரலில் பட்டுத் தரையில் விழுந்தது. எதிரணி மைதானத்துக்குள் ஓடிவந்து குதித்தது. முகிலன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே நின்றான்.

"என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்றாள் தாமரை.

சபரிநாதன் வாயிலிருந்து மஃப்ளரை எடுத்தார். "ஒண்ணுமில்ல."

வெளியே போகும் வழியில் சிவப்புத் தொப்பிக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "செகண்ட் ஹாஃப்ல ஜென்டில்மேன் மாதிரி இருந்தீங்க. மத்தப் பேரண்ட்ஸ் உங்களைப் பாத்துக் கத்துக்கணும்."

சபரிநாதன் நன்றி சொன்னார். வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த மிக மோசமான பாராட்டு அது.

காரில் கிளம்பினார்கள். தாமரை மடியில், சேனாபதி வீட்டு விருந்துக்கான புளியோதரை. பின்சீட்டில் முகிலன் ஜன்னலில் தலை சாய்த்திருந்தான். கார் இரண்டு சிக்னல் தாண்டியது. மூன்றாவதில் சபரிநாதனால் அடக்க முடியவில்லை.

"முகிலா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காத. நாம ஜெயிச்சிருக்கலாம். என்னாலதான் போச்சு. கடைசில அந்தப் பையன் ஃபேர் கேட்ச் பிடிச்சான் பாரு, அதுக்கு அப்புறம் ஒரு ரூல்..."

"ஃப்ரீ கிக். ஐ நோ."

சிக்னல் பச்சையானது. கார் நகரவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

"உனக்குத் தெரியுமா?"

"ஏதோ வீடியோல பாத்திருக்கேன். கோச்கிட்ட சொன்னேன். நான் ரெடின்னும் சொன்னேன். ஹைஸ்கூல்ல இருக்கான்னு அவருக்கு டவுட். எனக்கும் ஷ்யூரா தெரியல. ரெஃபரி ரொம்ப தூரத்துல நின்னார், டைம் வேற ஓடுது."

"அப்புறம் ஏன்டா அடிக்கல?"

முகிலன் ஜன்னலிலிருந்து தலையை எடுத்தான்.

"ரெண்டு பேரும் திரும்பி உங்களைப் பாத்தோம்ப்பா. நீங்க பேசாம உக்காந்தீங்க. அப்படி ஒரு ரூல் இருந்தா உங்கப்பா இந்நேரம் கத்தியிருப்பார்னு கோச் சொல்லிட்டார்."