பைப்பில் ஒரு துண்டு

சேசு மரி சூசை

குருநகர்,
14.11.2025

அன்புள்ள தங்கச்சி யசிந்தாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் முழங்காலைத் தவிர நான் முழுச் சுகம். நீ முழங்காலும் சேர்த்துச் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

உன் அத்தான் சூசைதாசன் இறந்தபின் வருகிற முதல் நத்தார் இது. பதினொரு வருடத்துக்குப் பிறகு நீ டென்மார்க்கிலிருந்து வந்து என்னோடு ஒரு மாதம் நிற்கப்போகிறாய் என்று முன்னறைக்கு வெள்ளையடித்துப் புதுத் திரைச்சீலையும் தைத்துப் போட்ட பிறகுதான் அந்தப் பெரிய செய்தியைத் தொலைபேசியில் சொன்னாய். "அக்கா, உங்கடை பைப் தண்ணியை நம்பேலாது. பிளாஸ்ரிக் உடையாமல் இருக்க என்னென்னவோ சேர்க்கிறவை, அதெல்லாம் தண்ணிக்குள்ளை இறங்கும். சோதிச்சுக் காட்டுங்கோ, இல்லாட்டி நான் ஹோட்டலிலை நிக்கிறன்." நீ அங்கே தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் இருபது வருடம் வேலை செய்தாய், ஒப்புக்கொள்கிறேன். தொலைபேசி எடுக்கிற வேலை என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் அக்காவின் வீடு இருக்கத் தங்கச்சி ஹோட்டலில் நிற்கிறாள் என்று கோயிலடியில் கதைப்பார்கள். ஆகவே சோதிக்கத் தொடங்கினேன்.

எட்டு மணித்தியாலம் தண்ணீர் குழாய்க்குள் அசையாமல் நிற்கவேண்டும், பிறகு வருகிற முதல் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடிக்கவேண்டும் என்றாய். விடிந்ததும் எல்லாப் பைப்பையும் இறுக்கப் பூட்டி, ஒவ்வொன்றிலும் "தொடாதே" என்று எழுதி ஒட்டினேன். வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான். ஆனாலும் ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. ஏழாவது மணித்தியாலத்தில் தபாற்காரரோடு படலையில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினால், பக்கத்து வீட்டு ஜெனிற்றா என் குசினியில் கை கழுவிக்கொண்டு நிற்கிறாள்.

"மீன் வெட்டின கை அக்கா. எங்கடை வீட்டிலை தண்ணி நிண்டு போச்சு."

"ஒட்டிக் கிடக்கிறதை வாசிக்கேல்லையோ?"

"வாசிச்சனான். அது உங்களுக்கெண்டெல்லோ நினைச்சன்."

அடுத்த நாள் கதவைப் பூட்டிவிட்டு மறுபடியும் எட்டு மணித்தியாலம். போத்தலைப் பட்டணத்துப் பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனால், அங்கே சுவர்ணா என்ற பிள்ளை, "அம்மா, நாங்கள் உப்பு, கிருமிதான் பாப்பம். உந்தப் பிளாஸ்ரிக் விசயம் கொழும்புக்கு அனுப்போணும். ஒப்பிட்டுப் பாக்கப் பிளாஸ்ரிக்கே படாத தண்ணியும் ஒரு போத்தல் வேணும்" என்றாள். யசிந்தா, யாழ்ப்பாணத்தில் பிளாஸ்ரிக் படாத தண்ணீர் எங்கே இருக்கிறதென்று உனக்குத் தெரிந்தால் எழுது. என் கிணற்று மோட்டர் இழுக்கிற குழாய் பிளாஸ்ரிக். கோயில் கிணற்றில் வாளி பிளாஸ்ரிக், கயிறு நைலோன். இணுவிலில் என் பழைய சிநேகிதி குணலட்சுமியிடம் பழைய இரும்பு வாளி இருக்கிறதென்று ஓட்டோ பிடித்துப் போனேன். இருந்தது, அதற்குள் குறோட்டன் நட்டிருக்கிறாள். கடைசியில் மழைதான் என்று முடிவெடுத்து, கூரைத் தண்ணீர் இறங்குகிற பீலியும் பிளாஸ்ரிக் என்பதால், முற்றத்தின் நடுவில் எனாமல் பேசினைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். குடையில் பட்டுத் தெறிக்கும் என்று குடையும் பிடிக்கவில்லை. ஜெனிற்றா மதிலால் எட்டிப் பார்த்து, "அக்கா, சுவாமியாரைக் கூட்டிக்கொண்டு வரட்டோ?" என்று கேட்டாள்.

இரண்டு போத்தலும் கொழும்புக்குப் போயின. தண்ணீர் மட்டும் போதாது, பைப்பில் ஒரு துண்டும் வேண்டும், ஊறவைத்துப் பார்க்கவேண்டும் என்று மறுமொழி வந்தது. குழாய் வேலை செய்கிற றமேஸைக் கூப்பிட்டு, குசினிப் பைப்பைக் கழற்றிச் சுவர்ணாவிடம் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பூசைக்குப் போனேன். நாலாம் நாள் சுவர்ணா தொலைபேசி எடுத்தாள். "அம்மா, பித்தளைப் பைப்பை ஏன் ஊறவைக்கோணுமெண்டு கொழும்பிலை கேக்கினம்." நம் ஊரில் திறந்து பூட்டுகிறதும் பைப், சுவருக்குள் ஓடுகிறதும் பைப். றமேஸ் திறந்து பூட்டுகிறதை அனுப்பியிருக்கிறான். கூப்பிட்டு ஏசினேன். "நீங்கள் பைப் எண்டுதானே அம்மா சொன்னீங்கள்? குழாயெண்டு சொல்லியிருந்தால் குழாயை வெட்டியிருப்பன்" என்றான். கன்னியர்மடத்தில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பரிசு வாங்கிய எனக்கு அவன் சொற்பிழை திருத்துகிறான். அவன் சொன்னது சரி என்பதால்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது.

ஒரு கிழமையாகக் குசினியில் பைப் இல்லை, துவாரத்தில் துணி அடைத்திருக்கிறது. இன்று பத்து மணிக்கு றமேஸ் வாளோடு வந்து குழாயில் ஓரடி வெட்டப்போகிறான். அதோடு சரி, இனி நான் உனக்காக மழையில் நிற்கமாட்டேன். அறை இருக்கிறது, கட்டில் இருக்கிறது. வந்தால் என் வீட்டுக்கு வா. ஹோட்டல்தான் வேண்டுமென்றால் தாராளமாகப் போய் நில். அந்த வாசற்படியை நான் மிதிக்கமாட்டேன். நத்தார்ப் பூசையில் கண்டால் தலையாட்டுவேன்.

வெயில் காணாத ஊரில் இருக்கிற உனக்கும் பிள்ளைகளுக்கும் தேவதாயின் ஆசீர் குறைவின்றிக் கிடைக்கட்டும்.

உன் மூத்த சகோதரி,
ஜெசிதா

பி.கு.: இப்போது பின்னேரம் மூன்று மணி. றமேஸ் இந்த முறை குழாயைத்தான் வெட்டினான். வெட்டின துண்டு வராததால் இழுத்தான். குசினிச் சுவர் குளியலறை வரைக்கும் அதோடு வந்துவிட்டது. இனித் தை மாதந்தான் வீட்டுக்குத் தண்ணீர் வருமாம். நீ சொன்ன ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்தேன். நீ போன மாதமே ஒற்றைக் கட்டில் அறை பிடித்திருக்கிறாயாம். அதை இரட்டைக் கட்டிலாக மாற்றிவிட்டேன். அங்கே தண்ணீர் எந்தக் குழாயில் வருகிறது என்றும் கேட்டேன். பிளாஸ்ரிக் என்றார்கள். காதில் விழாதமாதிரித் தொலைபேசியை வைத்துவிட்டேன். யன்னற்பக்கக் கட்டில் எனக்கு.