ஒரு பிடி மணல்கூட ஆகாது

"இந்தத் தடவை கடற்கரையைத் தேர்ந்தெடுக்கப் போறது நான்!" என்று சல்லடையார் சாப்பாட்டு மேஜையில் ஓங்கிக் குத்தினார். தேநீர்க் கோப்பை குதித்தது. மனைவி குதிக்கவில்லை.

சல்லடையார் என்பது சோதனைக்கூடத்தில் அவருக்கு வைத்த பெயர். கட்டடம் கட்ட வரும் மணலில் ஒரு குவளை எடுத்து, வறுத்து, அடுக்குச் சல்லடையில் குலுக்கி, தண்ணீரில் கலக்கி வண்டல் பார்த்து, 'ஏற்கலாம்' அல்லது 'ஏற்கலாகாது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் உத்தியோகம். இருபத்திரண்டு வருடம் மணலைச் சலித்துச் சலித்து வாழ்க்கையே சலித்துப் போயிருந்தது. சட்டைப் பையில் மணல். காதுக்குள் மணல். தும்மினால் மணல். இப்படிப்பட்ட மனிதர் முதல் முறையாகக் கோடை விடுமுறைக்கு வெளிநாடு போகிறார். அங்கேயுமா?

"கூழாங்கல் கடற்கரைதான். பத்து நாளைக்கு என் கண்ணுல ஒரு பிடி மணல்கூடப் படக்கூடாது. வானமே இடிஞ்சு விழுந்தாலும் மாத்த மாட்டேன்!"

மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். 'செத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன்' என்று வருகிறவர்களை, தாங்களாகவே நாற்காலியில் ஏறிப் படுத்து 'ஆ' காட்ட வைக்கிறவள். சிலர் மணலைக் கயிறாகத் திரிப்பார்கள் என்பார்கள். இவள் திரித்து, அதில் துணியும் காயப் போடுவாள்.

"சரிங்க" என்றாள்.

"சரின்னா?"

"சரின்னா சரிதான். கூழாங்கல்லுக்கே போவோம்."

"கால் குத்துமே?"

"செருப்பு போட்டுக்கறேன்."

"மணல்ல வெறுங்காலோட நடக்கணும்னு மூணு வருஷமா உயிரை வாங்கினியே?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சண்டைக்கென்று பதினேழு வாதங்களைத் தயார் செய்து வைத்திருந்தார் மனிதர். ஒன்றுகூடச் செலவாகவில்லை. ஜெயித்த மாதிரியே இல்லை. அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைக்குள் நுழைந்தவர் நின்றுவிட்டார். மேஜைமேல் மூன்று ஜாம் ஜாடிகள்.

"என்ன இது?"

"மணல்."

"அது தெரியுது! என் வீட்டுல எதுக்கு?"

"கண்ணாடிக் கிண்ணத்துல கொட்டி மெழுகுவத்தி நட்டு வைக்கத்தான். வெளிநாட்டுக் கடற்கரைக்குப் போயிட்டு வந்த பேஷண்டுங்க மூணு பேரு, பையைத் தட்டிக் கொண்டாந்து கொடுத்தாங்க. நீங்க தொடாதீங்க, உங்களுக்கு லீவு. மாடிவீட்டு லிஃப்ட் மெக்கானிக் பார்த்துட்டாரு. ரெண்டாவது ஜாடிதான் நம்பர் ஒன்னாம்."

"யாரு?"

"மெக்கானிக். விரலால தேய்ச்சே சொல்லிட்டாரு. இதுக்குப் போய் ஒரு சோதனைக்கூடமா, அதுக்கு ஒரு ஆபீசரான்னு சிரிச்சாரு."

"மேலயும் கீழயும் போற பெட்டிக்கு எண்ணெய் விடறவனுக்கு மணலைப் பத்தி என்ன தெரியும்? எடு என் சல்லடையை!"

"வேணாம்ங்க, லீவு..."

"எடுங்கறேன்!"

பகல் மூன்று மணி வரை அந்தச் சமையலறையில் சமையல் நடக்கவில்லை. வாணலியில் மணல் வறுபட்டது. கண்ணாடி டம்ளர்களில் வண்டல் அடங்கிக்கொண்டிருந்தது. முதல் ஜாடியில் சிப்பித் தூள், காலைக் கீறும்: ஏற்கலாகாது. மெக்கானிக்கின் இரண்டாவது ஜாடியில் பாதி சேறு: அறவே ஏற்கலாகாது! அடிக்கோடு இரண்டு முறை போட்டார்.

மூன்றாவதை ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடம் லாரி லாரியாகப் பார்த்தும் இப்படி ஒன்று வந்ததில்லை.

"இங்க வா, பாரு. ஒவ்வொண்ணும் உருண்டை. வண்டல் துளிகூட இல்லை. ஈரக்காலோட நடந்தாலும் உதறினா உதிர்ந்துடும்."

"அழகா இருக்குங்க. ஆனா வாயால சொன்னா மெக்கானிக் நம்புவாரா?"

"எழுதியே தர்றேன்!"

எழுதினார். 'வெறுங்காலுடன் நடக்க மிகமிக உகந்தது' என்று முடித்துக் கையெழுத்தும் போட்டார். மை காய்வதற்குள் அவள் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். அவர் தாளைக் கொடிபோல் பிடித்தபடி இரண்டிரண்டு படியாக மாடி ஏறினார்.

கதவைத் திறந்த மெக்கானிக் விழித்தார். "எந்த மணல் சார்?"

"நீ விரலால தேய்ச்சுப் பார்த்தியே, அது!"

"நானா? உங்க வீட்டம்மாவைப் பார்த்தே ஒரு மாசமாச்சு. பல்லு பிடுங்க வந்தப்போ பார்த்ததுதான். வலிக்கவே வலிக்காதுன்னாங்க." கன்னத்தைத் தடவிக்கொண்டார். "உசுரு போச்சு சார்."

சல்லடையார் ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"என் கண்ணுலயே மண்ணைத் தூவறியா?"

"நான் எங்கே தூவினேன்? ஜாடியிலதான் வச்சேன். நீங்களாத்தான் கண்ணுகிட்ட கொண்டு போனீங்க."

"நீ தலைகீழா நின்னாலும் அந்த மூணாவது ஜாடிக் கடற்கரைக்கு நான் வரமாட்டேன்!"

"வர வேணாம். நீங்க கூழாங்கல்லுக்குப் போங்க, நான் மணலுக்குப் போறேன். நீங்க மாடி ஏறினதுமே உங்க அறிக்கைப் படத்தை அனுப்பிட்டேன், அதைப் பார்த்துட்டு அங்க இருக்கிற விடுதிக்காரரு அசந்து போயிட்டாராம். கரை முழுக்கச் சோதிச்சு எழுதித் தருவீங்களான்னு கேட்டாரு. முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"அப்படிச் சொல்லு!"

"அதனால அவரு வேற ஆளை வைக்கப் போறாராம். ரெண்டாவது ஜாடி வந்த கரையில நல்ல மணல்னு சான்று கொடுத்தவராம். சல்லடையே வேணாமாம், விரலால தேய்ச்சே சொல்லிடுவாராம்."

சல்லடையாரின் காது சிவந்தது.

"அந்தச் சேத்துக்கா சான்று கொடுத்தான்? அவன் விரல் அந்த மணல்ல படறதா? நடக்காது! நான் போவேன்! பத்து நாளும் நானே சலிப்பேன்! யார் தடுக்கறாங்கன்னு பார்த்துடறேன்! என்னை ஒரு பய அசைக்க முடியாது!"

மேஜையில் ஓங்கிக் குத்தினார். மூன்று ஜாடிகளும் ஆடின. அவை விழாமல் அவள் ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்தினாள்.

"தெரியும்ங்க. எந்த ஜாடி ஜெயிச்சாலும் நீங்க தினமும் காலையில ஆறு மணிக்கு வேலைக்கு வந்து நிப்பீங்கன்னு, மூணு கடற்கரை விடுதிக்கும் நேத்தே எழுதிட்டேன்."