முதிர்ச்சிக்கு ஐந்தாண்டுகள்

அன்பு மிகுந்த, அறிவு போதுமான என் தம்பிக்கு,

அக்கா வரைவது. இவ்விடம் நானும் உன் அத்தானும் இரண்டு தையல் இயந்திரங்களும் நலம். அவ்விடம் நீயும் உன் மனைவியும் நலமென நம்புகிறேன். இல்லையேல் மறைக்காமல் எழுதவும்.

நிற்க. நான் உட்கார்ந்துகொண்டுதான் எழுதுகிறேன். வங்கியின் நீள்பலகையில், எண்பத்துநான்காம் எண் சீட்டுடன்.

இருபத்திரண்டு ஆண்டுகள் பள்ளிச் சீருடை தைத்து நான் சேர்த்த பணம் சேமிப்புக் கணக்கில் வீணே உறங்குவதாகவும், அதை ஐந்தாண்டு வைப்பில் இடுமாறும், எவர் கேட்டாலும், ஏன், நீயே கேட்டாலும் கொடுக்கலாகாது என்றும் எழுதியிருந்தாய். இதை உன் அத்தானிடம் தெரிவித்தேன். "பணம் சும்மாதானே கெடக்கு? ஒரு சோபா வாங்கிப் போடேன்" என்றார். "சும்மா கிடப்பதற்குத் தங்களுக்குக் கட்டிலே போதும்" என்று பதிலிறுத்துவிட்டு இங்கு வந்தால், விசாரணை மேசையில் இருந்த பெண் என் விவரங்களைக் கேட்டுக்கொண்டு, "அம்மா, உங்களுக்கு மெச்சூரிட்டி அஞ்சு வருஷம் கழிச்சுத்தான்" என்றாள். பள்ளி வாசலை மிதிக்காவிடினும், துணி சுற்றி வந்த செய்தித்தாள்களை ஒரு வரி விடாமல் வாசித்து மொழி கற்றவள் நான். அச்சொல்லின் பொருள் அறியாதவளா? "ஐம்பத்தாறு வயதுப் பெண்மணியிடம் முதிர்ச்சி இனிமேல்தான் வரும் என்று கூறுவது முறையாகுமா?" என வினவினேன். பின்னால் நின்றவர், "அக்கா, அது உங்களுக்கு இல்ல, பணத்துக்கு!" என்றார். "பணம் என்னுடையது, அதற்கு வருவது எனக்கும் வரும்" என்றேன். வரிசையே சிரித்தது. பிறகென்ன, படிவத்தை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று உன் மனைவி தொலைபேசியில் பேசினாள். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கொட்டகை வாடகைக்கு வருகிறதாம். அதில் சொந்தமாகச் சைக்கிள் பட்டறை போட உனக்கு ஆசையாம். "அக்காகிட்ட மட்டும் கேக்க மாட்டேன், அது ஊசி முனையில சேர்த்த காசு" என்றாயாம். நல்லது, கேட்காதே. அடுத்தவர் பட்டறையிலேயே கடைசிவரை காற்றடித்துக்கொண்டிரு. நானும் உன் அறிவுரையை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிறேன். இந்தப் பணம் ஐந்தாண்டுகள் உறங்கும். நீ கண்ணீர் விட்டாலும் எழுப்ப மாட்டேன். இது என் உறுதியான, இறுதியான, திருத்தத்துக்கு இடமில்லாத முடிவு.

ஊசியில் கோத்த நூல்போல உன் குடும்பம் சிக்கலின்றி ஓட வாழ்த்தும்,
உன் அக்கா

பின்குறிப்பு: எண்பத்துநான்கை அழைத்தார்கள். அலுவலர், "நாமினி யாரும்மா?" என்றார். உன் பெயரை எழுதி, உறவு என்ற கட்டத்தில் 'உடன்பிறந்த பிடிவாதம்' என்று நிரப்பினேன். அடித்துவிட்டு 'தம்பி' என்று எழுதச் சொன்னார். "அவனுக்கு இது எப்போது கிடைக்கும்?" என்றேன். அவர் கூச்சத்துடன், "உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா..." என்று இழுத்தார். எனக்கு இப்போதைக்கு ஒன்றும் ஆகிற மாதிரி தெரியலைடா! இரத்த அழுத்தம்கூடக் கிடையாது. நீ காத்திருந்தே கிழவனாகிவிடுவாய். ஆகவே படிவத்தை அங்கேயே கிழித்துவிட்டேன். கொட்டகைக்கு முன்பணம் உன் மனைவியின் கணக்குக்கு வந்திருக்கும். போய்ச் சாவியை வாங்கு. பெயர்ப்பலகை வாசகத்தை நானே எழுதி அனுப்புகிறேன், உன் எழுத்துப்பிழை ஊருக்குத் தெரிய வேண்டாம். மிச்சத்தில் சோபா வாங்குகிறேன், பாவம் உன் அத்தான். பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று வந்து நிற்காதே. ஐந்தாண்டுகளுக்குள் உனக்கு முதிர்ச்சி வந்தால் போதும்.