சிலிண்டர் கையெழுத்துப் போடாத பீர்

பெங்களூரு கன்டோன்மென்ட்டில் எந்தச் சமையலறைக்குள் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் நிறுத்தினாலும், அது யார் வீடு, எந்தக் கிராஸ் தெரு, எத்தனையாவது மாடி என்று ஒரு மூச்சை இழுத்தே சொல்லிவிடக் கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் பெயர் எனக்குத் தெரியாது. சம்பளப் பட்டியலில் ஏதாவது இருக்கும். இந்திராநகரில் நான் வேலை பார்க்கும் சின்ன பீர் ஆலையில், முதலாளி முதல் கிளாஸ் கழுவுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் சிலிண்டர்தான்.

முப்பது வருஷம் வீடு வீடாகச் சமையல் கேஸ் போட்டவர். ஏஜென்சி மூன்று மாறியது, ஏரியா மாறவில்லை. ஆஸ்டின் டவுன், ஜோகுபாளையம், ரிச்சர்ட்ஸ் டவுன். சிலிண்டரைத் தோளில் தூக்கிப் படியேறி, சமையலறையில் இறக்கி, ரெகுலேட்டரை மாட்டி, கேஸ் கசிகிறதா என்று மூக்கை நீட்டி ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். கசிவைத் தேடிப் போன மூக்கு, அந்த வீட்டு ரசம், ஊறுகாய், ஈரத் துணி, மூலையில் பழுத்துக்கொண்டிருக்கும் பலாப்பழம் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கி உள்ளே அடுக்கிவிட்டது. வயதான பிறகு எங்களிடம் வந்தார். பீருக்கு நுரை தரும் வாயு சிலிண்டர்களை நகர்த்துவது வேலை. தோளில் ஒன்றும் இல்லாதபோதும் இடப்பக்கம் சாய்ந்துதான் நடப்பார்.

நான் அங்கே பீர் காய்ச்சுகிறவள். என் அம்மா சொந்தக்காரர்களிடம், "பொண்ணு ஃபுட் டெக்னாலஜியில இருக்கா" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் காபி கலக்க எழுந்துவிடுவாள்.

காலை பதினொரு மணி எங்களுக்கு ருசி பார்க்கும் நேரம். ஆஹா, இதுவல்லவோ வேலை என்று பெருமூச்சு விட வேண்டாம். ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு மடக்கு, ஒரு தாள். நிறம், மணம், வாயில் நிற்கும் கனம், கசப்பு என்று கட்டங்கள் இருக்கும். நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து கையெழுத்தும் விழுந்தால்தான் பீர் குழாய்க்குப் போகும் என்பது முதலாளி வைத்த சட்டம். அந்த நேரத்தில் கண்ணாடிக் கூரை வழியாக வெயில் இறங்கி கிளாஸ்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். யாரும் பேச மாட்டார்கள். ரோட்டு ஹாரன் சத்தம்கூட வேறு ஏதோ ஊரில் கேட்பது போல இருக்கும்.

ஒரு நாள் அந்த அமைதிக்குள் சிலிண்டர் தன் சரக்கை உருட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்றார். இடுப்பில் கை, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி ஒரு இழுப்பு.

"இன்னா மேடம், ஆஸ்டின் டவுன் வாசனை வருது?"

"என்னண்ணா சொல்றீங்க?"

"மார்க்கெட்டு பின்னாடி மஞ்ச வீடு, ரெண்டாவது மாடி. அந்தம்மா சோளம் வேக வச்சா மூடியத் தொறக்கவே மாட்டாங்க. புழுங்கிப் போயி இதே வாசனைதான்."

சிரித்தோம். மதியம் விசாரித்தால், அந்த பீரைக் கொதிக்க வைத்தபோது யாரோ கொப்பரையின் மூடியைத் திறக்க மறந்திருக்கிறார்கள். ஆவியோடு வெளியே போக வேண்டிய சோள வாசனை உள்ளேயே குடியிருந்தது. நாங்கள் ஐந்து பேரும் 'நல்ல தானிய மணம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தோம். தொட்டி முழுவதும் சாக்கடைக்குப் போயிற்று. மறுநாள் முதலாளி எங்களில் ஒருவரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியை சிலிண்டருக்குக் கொடுத்தார். சிலிண்டர் உட்கார மறுத்துவிட்டார். வாசனை பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லையாம்.

நாங்கள் 'எலுமிச்சை, லேசான தேன்' என்று எழுதும் இடத்தில் அவர் விலாசம் எழுதுவார். கோதுமை பீருக்கு, 'ஜோகுபாளையம், டெய்லர் வீட்டு மாடி. வாழைத்தார் தொங்கும். நாய் இல்லை.' நாய் என்றால் கசப்பு என்று எங்களுக்குப் புரியவே இரண்டு வாரம் ஆனது. 'நாய் உண்டு, குரைக்கும், கடிக்காது' என்றால் கசப்பு அளவோடு இருக்கிறது. 'படி செங்குத்து' என்றால் போதை அதிகம். கறுப்பு பீர் ஒன்றுக்கு அவர் எழுதிய குறிப்பு இன்னும் எங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறது: 'காபிக்கொட்டை வறுக்கும் வீடு. படி செங்குத்து. இறங்கும்போது பார்த்து.'

அவருக்கு பீர் பிடிக்காது என்பதுதான் வேடிக்கை. "வீட்ல பாகக்கா வச்சா தட்டத் தள்ளிடுறாங்க. இங்க வந்து லைன்ல நின்னு கசப்பு குடிக்கிறாங்களே" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

எங்கள் டிபன் டப்பாக்களும் தப்பவில்லை. மூடியைத் திறந்தால் போதும், "நீ அந்தப் புள்ளையார் கோயில் சந்துதானே?" என்பார். தப்பித்தது நான் மட்டும். நான் டப்பா கொண்டுபோவதில்லை, ஆலையின் கேன்டீனில் சாப்பிட்டுக்கொள்வேன். எங்கே இருக்கிறேன் என்று அவர் கேட்டதும் இல்லை. வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வது அவருக்கு மரியாதைக் குறைவு.

இப்படி இருக்கும்போதுதான் என் பீர் வந்தது. ஹேஸி டபுள் ஐபிஏ. ஹாப்ஸ் என்ற வாசனைப் பூவை இரண்டு மடங்காகக் கொட்டி, ஓட்ஸ் சேர்த்து, வேண்டுமென்றே கலங்கலாகச் செய்வது. ஆரஞ்சு ஜூஸில் கொஞ்சம் பால் விட்ட நிறம். முகத்தருகே கொண்டுபோனால் பழக்கடை. குடித்தால் மெத்தென்று இறங்கும். இரண்டு வருஷம் கெஞ்சி, முதலாளி எனக்கென்று கொடுத்த முதல் தொட்டி. அவருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

"ஏனு மேடம் இது, மழைத் தண்ணி மாதிரி? கஸ்டமர் பாத்தா டாங்க் கழுவலையான்னு கேப்பாங்க. மண்டே காலையில ஷீட்ல அஞ்சு சைன் இல்லேன்னா கொட்டிட்டு மேங்கோ பீர் போட்ருவோம்."

இந்த ரகத்தின் மணம் காத்திருக்காது, நாளுக்கு நாள் ஓடிவிடும். தொட்டியைக் கொட்டினால் அவர் இன்னொரு தொட்டி தர மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நான்கு கையெழுத்து விழுந்தது. சிலிண்டர் கிளாஸை வெயிலில் தூக்கிப் பார்த்தார். இடுப்பில் கை. ஒரு இழுப்பு. இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். தூங்கிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

"தெரியலம்மா" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நாங்கள் கேட்டதில்லை.

"மாம்பழம்னு எழுதுங்கண்ணா. கொய்யான்னு எழுதுங்க."

"மாம்பழம் கீது. கொய்யாவும் கீது. எந்த வீட்டு மாம்பழம்? விலாசம் தெரியாம கையெழுத்துப் போட்டா நாளைக்கு யார் வந்து பதில் சொல்றது?"

"நல்லா இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"ரொம்ப நல்லா கீது. அதான் பேஜாரு. இவ்ளோ நல்ல வீட்டுக்கு நான் எப்படிப் போகாம வுட்டேன்?"

முதலாளி சிரித்துக்கொண்டே மேங்கோ பீருக்கு ஆர்டர் போடப் போனார். எனக்கு அழுகை வந்தது. சிலிண்டர் அதைப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துட்டு வாங்க. தேடிப் பாத்துரலாம்" என்றார்.

அப்படியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் ஸ்கூட்டரின் பின்னால் சிலிண்டர், அவர் மடியில் ஃபிளாஸ்க், ஃபிளாஸ்க்கில் என் தலையெழுத்து. ஊர் அரைத் தூக்கத்தில் இருந்தது. முதல் நாள் மழை தார் ரோட்டில் மிச்சமிருந்தது. சிக்னல் விழும்போதெல்லாம் பின்னால் 'டப்' என்று மூடி திறக்கும் சத்தம், ஒரு இழுப்பு, "இங்க இல்ல, போலாம்." அந்த வாசனை என் தோளைத் தாண்டி முன்னால் வந்து, மழை ஈரத்தோடு கலந்து, நான் எந்தத் தெருவில் ஓட்டுகிறேன் என்பதே மறந்து போகும். பக்கத்து ஆட்டோக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "ஜூஸா சார்?" என்றார். "விசாரிச்சிட்டுத்தான் இருக்கோம்" என்றார் சிலிண்டர்.

ஆஸ்டின் டவுன் மஞ்சள் வீட்டம்மா அவரைப் பார்த்து, "ஏ சிலிண்டரு! உயிரோடதான் கீறியா?" என்று கத்தி, ஃபிளாஸ்க்கை முகர்ந்துவிட்டு, "ஜூஸு புளிச்சுப் போச்சு, கொட்டிடு" என்று தீர்ப்பும் சொன்னார். ஜோகுபாளையத்தில் நிலைமை மோசம். அவர் வாசலில் நின்று மூக்கைத் தூக்கியதும், பழைய பழக்கத்தில் மூன்று வீடுகளில் அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். ஒரு வீட்டில் பாதி வெந்த தோசையோடு புருஷன், பெண்டாட்டி இருவரும் தெருவுக்கே வந்துவிட்டார்கள். "லீக் இல்லம்மா, நான் பீரு தேடி வந்தேன்" என்று அவர் சொன்னதை அந்தம்மா எப்படி எடுத்துக்கொண்டாரோ, கதவைச் சாத்திக்கொண்டார்.

மதியம் நெருங்கும்போது ரிச்சர்ட்ஸ் டவுனுக்குள் நுழைந்தோம். மரங்கள் மேலே கைகோத்துக்கொண்ட தெருக்கள். தூறல் விழுகிறதா, இலை சொட்டுகிறதா என்று தெரியவில்லை. "லெஃப்ட்டு. இன்னொரு லெஃப்ட்டு" என்று பின்னால் குரல் வந்துகொண்டிருந்தது. அது என் தெரு. எங்கே போகிறார் பார்ப்போம் என்று சும்மா இருந்தேன். பச்சை கேட் போட்ட வீட்டின் முன்னால், "நிறுத்துங்க" என்றார். அது என் வீடு.

"இதுவா இருக்கலாம்மா."

"எப்படிண்ணா சொல்றீங்க?"

"முப்பது வருஷம் இங்க சிலிண்டர் போட்டிருக்கேன். ஒரு நாளும் கேட்டுக்குள்ள போனதில்ல. 'அங்கயே வச்சிடு'ன்னு உள்ளேர்ந்து கொரல் மட்டும் வரும். எனக்குத் தெரியாத வீடு இது ஒண்ணுதான். தெரியாத வாசனையும் இது ஒண்ணுதான்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. பதில் கிடைத்த சந்தோஷத்தில் சொன்னார். நான்தான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த கேட்டருகில் சிவப்பு சிலிண்டர் நிற்கும். வேலைக்கார அம்மா வந்து உருட்டிக்கொண்டு போவாள். அதை யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, கேட்டதில்லை. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. கேட்டைத் திறந்தேன்.

"யாரு வீட்ட நீங்க..." என்று பதறினார்.

"என் வீடுதாண்ணா. வாங்க."

அவர் செருப்பைக் கழற்றி, பாதத்தைக் கால்மிதியில் மூன்று முறை தேய்த்துக்கொண்டு வந்தார். அம்மா சமையலறையில் இருந்தாள். "யாரும்மா இது?" என்றவளிடம், "எங்க ஆலையில டேஸ்டர். அதுக்கு முன்னாடி முப்பது வருஷம் நம்ம வீட்டுக்கு கேஸ் போட்டவர்" என்றேன். அம்மாவுக்கு அந்த 'அங்கயே வச்சிடு' உடனே ஞாபகம் வந்திருக்க வேண்டும். கரண்டியைப் பிடித்தபடி, "அப்பல்லாம் அப்படித்தான் பழகிட்டோம்" என்றாள் மெதுவாக.

"பரவால்லம்மா. எனக்கு நடை மிச்சம்" என்றார் சிலிண்டர். பிறகு வாசற்படியில் நின்று, இடுப்பில் கை வைத்து, முகத்தைத் திருப்பி, முப்பது வருஷப் பாக்கியை ஒரே மூச்சில் இழுத்தார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்ல" என்றார்.

"என்னண்ணா?"

"இது இல்லவே இல்ல. பெருங்காயம், பினாயில், நேத்து ஊதுபத்தி. மாம்பழம் மருந்துக்குக்கூட இல்ல. அது கெடக்கட்டும், கேஸ் ட்யூப் மாத்தி எத்தினி வருஷம் ஆச்சும்மா? வெடிச்சுப் போயி கீது பாருங்க."

என் பீர் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அவர் குனிந்து ட்யூபைச் சரிபார்த்தார். அம்மா கொடுத்த காபியைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மூன்று தடவை சொல்லித்தான் உட்கார்ந்து, குடித்தார். கிளம்பி கேட்டுக்கு வெளியே வந்ததும் பழக்க தோஷத்தில் ஃபிளாஸ்க்கைத் திறந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"அட" என்றார். "இங்க நின்னுதான்மா நெனச்சுக்குவேன். காலி சிலிண்டர் வர்ற வரைக்கும் நிப்பேன்ல? உள்ள மாம்பழம் பரப்பி வச்சிருப்பாங்க, கொய்யா கனிஞ்சிருக்கும், பின்னாடி புல்லு வெயில்ல காயும்னு. அந்த வாசனதான் இது. வீட்ல எப்படி இருக்கும்? என் தலைக்குள்ள இல்ல இருந்திருக்கு!"

திங்கட்கிழமை தாளில் ஐந்தாவது கையெழுத்து இருந்தது. மேலே விலாசம்: 'ரிச்சர்ட்ஸ் டவுன், பச்சை கேட் வீடு. உள்ளே போவதற்கு முன். நாய் உண்டு, வாலை ஆட்டும். படி செங்குத்து, ஏறினது தெரியாது.' முதலாளி அதை இரண்டு தரம் படித்துவிட்டு, ஒரு கிளாஸ் பிடித்துக் குடித்துவிட்டு, மேங்கோ பீர் ஆர்டரைக் கிழித்துப் போட்டார்.

அந்தத் தொட்டி தீர்ந்து, இரண்டாவது போட்டேன். அதே ஹாப்ஸ், அதே ஓட்ஸ், அதே கலங்கல். சிலிண்டர் முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லா கீது. மொத தபா மாதிரி இல்ல."

"ஒண்ணுமே மாத்தலையேண்ணா."

"நீங்க மாத்தல. கேட்டுதான் தொறந்துடுச்சே. இப்ப அந்த வீடுன்னாலே எனக்குப் பெருங்காயம்தான் வருது."

மூன்றாவது தொட்டிக்கும் அதே புகார், ஆனாலும் கையெழுத்து விழுந்தது. நான் ரெசிபியில் கை வைக்கவில்லை. அந்தக் குறை அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பதினொரு மணிக்கு அவர் எங்கள் வீட்டுச் சமையலறை வாசலில் நின்று ஒரு இழுப்பு இழுத்து, "ட்யூப் ஓகே" என்று சொன்ன பிறகுதான் அம்மா காபிக்கு அடுப்பைப் பற்ற வைக்கிறாள்.