அசரியாவின் அதிகாலை ஜெபமும் பெல்லட் அடுப்பும்

கீசர் போயே போய்விட்டது. சேலையூர் போர்வெல் தண்ணீரின் உப்புக்கு எந்த கீசர்தான் தாக்குப்பிடித்திருக்கிறது? "உள்ளே இருக்கிற காயிலை மட்டும் மாத்திடலாங்க" என்றாள் மனைவி மெட்டில்டா. அசரியா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "இனி இந்த வீட்டில் கரண்ட்டில் வெந்நீர் கிடையாது!" என்று பிரகடனம் செய்தார். மறுநாளே ஆட்டோவில் வந்து இறங்கியது ஒரு பெல்லட் அடுப்பு.

வாளி உயரத்துக்கு ஒரு ஸ்டீல் உருளை. அடியில் குட்டி ஃபேன். மரத்தூளையும் கடலைத் தோலையும் அமுக்கிச் செய்த விரலளவு குச்சிகளுக்குத்தான் பெல்லட் என்று பெயர். அதை உள்ளே கொட்டிப் பற்றவைத்து ஃபேனைத் தட்டிவிட்டால், புகையில்லாமல் கொழுந்துவிட்டு எரியும். எரிந்தது, வாஸ்தவம். கடையில்.

அசரியா குரோம்பேட்டையில் ஒரு கல்லூரி ஆபீஸில் சூப்பரின்டெண்ட். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். வீட்டில் அவர் வாங்கி வைத்ததெல்லாம் கட்டிலுக்கு அடியில். சப்பாத்தி போடும் மெஷின், கால் பிடித்துவிடும் மெஷின், எதற்கென்று அவருக்கே மறந்துபோன இன்னொரு மெஷின். மெட்டில்டா கணக்கு டீச்சர். அவள் அடுப்பை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"சாம்பல் யாரு அள்ளுவா?"

"சாம்பலா? வரவே வராது மெட்டி. மெயின்டனன்ஸே கிடையாது. கடைக்காரன் சொன்னான்."

"அவன் விக்கிறவன். நீங்க சொல்லுங்க."

"நான் சொல்றேன். துடைக்கிற வேலையே இல்ல."

"இருந்துச்சுன்னா?"

"இருந்துச்சுன்னா, உன்னைக் கேக்காம இனிமே ஒரு ஸ்பூன்கூட வாங்க மாட்டேன். போதுமா?"

"போதும்" என்று விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள். அவ்வளவு சீக்கிரம் அவள் ஒப்புக்கொண்டபோதே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

மூன்றாம் நாள் அடுப்பு இருமியது. வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடம் முழுக்கப் புகை. மூடியைத் திறந்தார். உள்ளே சாம்பல். காற்று வரும் ஓட்டையெல்லாம் கருகிய வெல்லப்பாகு மாதிரி கட்டி. கடைக்குப் போன் போட்டார்.

"தினமும் சாம்பலைத் தட்டிடணும் சார். ஓட்டையைக் குத்தி விடணும். வாரத்துக்கு ஒருவாட்டி ஃபேனுக்கு பிரஷ் போடணும். மழை நாள்ல பெல்லட்ல ஈரக் காத்து படக் கூடாது, உதிர்ந்துடும். மத்தபடி மெயின்டனன்ஸே கிடையாது சார்!"

அசரியா பெல்லட் மூட்டையின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். ஒரு ஸ்பூன்! கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் ரிட்டயர்மென்ட் நெருங்குகிறது. ஆபீஸ் போகும், சூப்பரின்டெண்ட் போகும், எழுந்து நிற்கிற பியூனும் போவான். கடைக்குள் நுழைந்து 'இதைக் கட்டுப்பா' என்று சொல்லும் ஒரு அதிகாரம்தான் மிச்சம். அதுவும் போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

மறுநாள் இருட்டோடு எழுந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" போர்வைக்குள்ளிருந்து மெட்டில்டா.

"தனி ஜெபம்" என்று வாய் முந்திக்கொண்டது.

"எனக்காகவும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் அதே கூத்து. கோணி ஊசியால் ஓட்டைகளைக் குத்துவார். பழைய டூத் பிரஷால் ஃபேனைத் தேய்ப்பார். சாம்பலைப் பையில் கட்டி ஆபீஸ் போகிற வழியில் போடுவார். பெல்லட்டை ஒரு அரிசி டிரம்முக்குள் ஒளித்தார். விடிந்ததும் ஒன்றும் தெரியாதவர்போல் மெட்டில்டா முன்னாலேயே பற்றவைத்து, "பாத்தியா, புத்தம்புதுசு மாதிரி!" என்பார்.

மாடியில் குடியிருக்கும் ஹேமநாத்துக்கு சிறுசேரியில் நைட் ஷிஃப்ட். ஒருநாள் வேலை முடிந்து வந்தவன் எட்டிப் பார்த்துவிட்டான்.

"என்ன அங்கிள் இந்நேரத்துல?"

"ஷ்ஷ்! ஜெபம்."

"கையில டூத் பிரஷ் இருக்கே?"

"அது ஜெபத்துக்கு அப்புறம்."

"தலையெல்லாம் சாம்பலா இருக்கு அங்கிள்."

"எங்க வேதத்துல அப்படி ஒரு முறை இருக்குப்பா. சாக்குல உட்கார்ந்து, சாம்பல் போட்டுக்கிட்டு..."

ஹேமநாத் செருப்பைக் கழற்றினான். அடுப்பைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மாடியேறினான்.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. டிசம்பரில் அவர்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். ஹால் கொள்ளாத கூட்டம். பாட்டு முடிந்ததும் பாஸ்டர் டெனிஸ் எழுந்தார்.

"சகோதரி மெட்டில்டா ஒரு சந்தோஷமான விஷயம் சொன்னாங்க. நம்ம அசரியா அண்ணன் ஒரு மாசமா இருட்டோட எழுந்து தனி ஜெபம் பண்றாராம்! சாட்சி சொல்லுங்கண்ணே. ஞாயித்துக்கிழமை ஆராதனையிலயும் நீங்க சொல்லணும்."

அசரியா எழுந்தார். கால் எழுந்தது, நாக்கு எழவில்லை. மெட்டில்டாவைப் பார்த்தார். அவள் பயபக்தியோடு சங்கீதப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பெண்டாட்டியிடம் புளுகலாம், கல்யாணம் ஆன நாளிலிருந்து பழக்கம்தான். ஆனால் பைபிளை எதிரில் வைத்துக்கொண்டு, கண் மூடக் காத்திருக்கும் இத்தனை பேருக்கு முன்னால்? அடுத்து ஞாயிற்றுக்கிழமை மைக்கில் வேறு? வெட்கம் பிடுங்கித் தின்றது. சத்தியமாக வெட்கம்.

"நான் ஜெபம் பண்ணலைங்க" என்றார். "அடுப்பு துடைச்சேன்."

ஹாலே சிரித்தது பாருங்கள், பாஸ்டரே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உண்மையைச் சொன்னீங்களே, அதுவும் சாட்சிதாண்ணே" என்று ஆறுதல் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

எல்லாரும் போன பிறகு மெட்டில்டா டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். நீங்க திரும்ப வந்து படுத்த தலையணை உறையெல்லாம் சாம்பல். எந்தத் தனி ஜெபத்துல சாம்பல் பறக்குது?"

"அப்புறம் ஏன் சும்மா இருந்த?"

அவள் குழாயை மூடினாள். "நம்ம கல்யாணம் ஆனதுலேருந்து எனக்கு முன்னாடி நீங்க எழுந்து எனக்காக ஒரு வேலை செஞ்சது இதுதாங்க. படுத்துக்கிட்டே அந்தச் சுரண்டுற சத்தத்தைக் கேட்டா மனசுக்கு அவ்வளவு இதமா இருந்துச்சு. வெந்நியும் நேரத்துக்கு வந்துச்சு. நான் ஏன் வாயைத் திறக்கணும்?"

அசரியா கழுவிய டம்ளர்களை வாங்கி அடுக்கினார். ஒரு மாதமாகத் திருட்டு என்று நினைத்துக்கொண்டு செய்ததை, இவள் தினமும் அன்பென்று வாங்கி வைத்திருக்கிறாள். இப்படி ஒருத்தி கிடைத்தால் ஸ்பூன் என்ன, கடையே போகட்டும் என்று தோன்றியது அவருக்கு.

"அப்போ இன்னும் கொஞ்ச நாள் அப்படியே விட்டிருக்கலாமே மெட்டி? பாஸ்டர்கிட்ட ஏன் சொன்ன?"

"விட்டுத்தான் இருப்பேன். நீங்கதான் என்னைக் கேக்காம போன்ல வீடு துடைக்கிற ரோபோ ஒண்ணு ஆர்டர் போட்டுட்டீங்களே! இப்பத்தான் கேன்சல் பண்ணேன். துடைக்க ஆளுதான் வீட்டுலயே இருக்கே."